பச்சை இலை இருந்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பச்சை இலையுள்ள செடி எதுவும் உணவுக்கு அடுத்தவரை நாடாது என்று சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் போட்டிருந்தீர்கள். 31 ஆண்டுகள் தாவரவியல் நடத்தியவள் நான். அந்த வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

ஆர்க்கிட் விதை எவ்வளவு பொடி என்பது தாங்கள் அறியாததல்ல. ஊதினால் பறக்கும், உள்ளே சேமிப்பு உணவு கிடையாது. மண்ணிலுள்ள பூஞ்சை புகுந்து ஊட்டினால்தான் காட்டில் அது முளைக்கும். பிரெஞ்சுத் தாவரவியலாளர் நோயல் பெர்னார் 1899-லேயே கண்டது இது. இலை விட்டு வளர்ந்த பிறகும் சில இனங்கள் அந்த உறவை விடுவதில்லை. ஐரோப்பியக் காட்டு நிழலில் வளரும் செபலாந்தெரா ஆர்க்கிட்டில், பச்சையமே இல்லாத வெள்ளைச் செடிகள்கூடப் பூத்து நிற்கின்றன. அவற்றுக்குச் சோறு போடுவது யார்? அவற்றின் வேரிலுள்ள பூஞ்சை பக்கத்து மரத்தின் வேரிலும் இருக்கிறது. மரம் சமைத்த சர்க்கரை அந்த வழியாக வருகிறது. அருகிலுள்ள அதே இனப் பச்சைச் செடிகளும் வெயிலோடு நிறுத்தாமல் அதே பந்தியில் உட்காருகின்றன. கெபாவர், மையர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2003-ல் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) அளந்து, பச்சை ஆர்க்கிட்டுகளும் பூஞ்சையிடம் வாங்குவதைக் காட்டினார்கள்.

கேரட் துண்டுக்குள் ஆர்க்கிட் வேரை வைத்து பிளேடால் சீவி, நீலச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் காட்டுவேன். செல்லுக்குள் நூல்கண்டாகச் சுருண்டிருக்கும் பூஞ்சையைப் பார்த்து "மிஸ், புழுவா?" என்று பிள்ளைகள் பதறுவார்கள். பச்சைச் செடியும் பூஞ்சையிடம் உணவு வாங்கும் என்று அவர்களில் ஒருத்தி தேர்வில் எழுதினாள். மதிப்பெண் போனது. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மண்ணில் வெள்ளை இழை கண்டால் உடனே பூஞ்சைக்கொல்லி ஊற்றுங்கள் என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் தோட்டப் பகுதி சொன்னது. செடிக்கு ஊட்டும் பூஞ்சையும் அதில் சாகுமே என்று மறுத்து எழுதினேன், வெளியிடவில்லை. மாமரத்தில் பூத்த வாண்டா ஆர்க்கிட்டின் படத்துக்குக் கீழே 'ஒட்டுண்ணி' என்று போட்டீர்கள். அது மரத்தில் தங்குகிறதே தவிர மரச்சாற்றை உறிஞ்சுவதில்லை. அதற்கும் எழுதினேன். ஏற்காட்டுச் சாலையோரம் காட்டுத் தரை ஆர்க்கிட்டுகளை வேர் கழுவிச் சுத்தமாக விற்கிறார்கள். அந்த மண்ணோடு என்னென்ன போகிறது என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? நான் வாங்கிய செடி இரண்டு மாதம்கூடத் தாங்கவில்லை.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் அது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தாவரவியல் ஆசிரியை,
சேலம்.