காரைக்குடியில் எங்கே சாப்பிடுவது என்பதோடு எப்போது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டுச் சாப்பாடு பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. கடைப் பெயர்கள் இருந்தன, படங்கள் இருந்தன. எந்தப் பண்டம் எத்தனை மணிக்கு அடுப்பிலிருந்து இறங்கும் என்பது மட்டும் இல்லை. காரைக்குடியில் முதலில் தெரிய வேண்டியது அதுதான். மதியம் இரண்டு மணிக்கு வெள்ளைப் பணியாரம் கேட்பவரும், ராத்திரி எட்டு மணிக்கு இலை போட்டுக் கறிச்சாப்பாடு கேட்பவரும் ஏமாந்துதான் திரும்புவார்கள். அப்புறம் 'பேர்தான் பெரிசு' என்று ஊரைக் குறை சொல்வார்கள். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். குழிப்பணியாரத்தின் படத்துக்குக் கீழே 'வெள்ளைப் பணியாரம்' என்று அச்சாகியிருந்தது. இரண்டும் வேறு வேறு. குழிப்பணியாரம் புளித்த மாவு. குழிச்சட்டியில் துளி எண்ணெய் விட்டு வேக வைப்பது. வெள்ளைப் பணியாரத்துக்குப் புளிப்பு ஆகவே ஆகாது. அதற்கு வீடுகளில் வழிவழியாக வரும் அளவு இது: ஒரு டம்ளரில் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே டம்ளரின் மேல் கோபுரமாக எவ்வளவு உளுந்து நிற்குமோ அவ்வளவு உளுந்து. இரண்டையும் ஒன்றாகவே இரண்டு மணி நேரம் ஊற வைத்து, திப்பி இல்லாமல் வெண்ணெய் போல ஆட்டி, உப்பு, ஒரு சிட்டிகை சீனி, கொஞ்சம் பால் சேர்த்துக் கரைக்க வேண்டும். கரண்டியிலிருந்து ஊற்றினால் அறுபடாமல் விழுகிற பதம். குழிவான சின்ன வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொன்றாகத்தான் ஊற்ற முடியும். உப்பி மேலே வந்ததும் திருப்பிப் போட்டு, நிறம் மாறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடித்துத் துவண்டுவிடும். குறைந்தால் விறைத்துப் போகும். மாவு நீர்த்தால் உப்பாமல் அப்பளம் மாதிரி விரியும். ஆட்டிய மாவை வெளியில் நெடுநேரம் வைத்துப் புளிக்க விட்டால் பழுப்பு நிறம் வந்துவிடும். இத்தனை பக்குவம் இருப்பதால்தான் இது கேட்டபின் ஊற்ற வேண்டிய பண்டம். மாலை நான்கு மணிக்கு மேல் ஆறரைக்குள், அடுப்புக்கு முன்னால் நின்று வாங்குங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள்; அரை மணி நேரம் ஆறிய வெள்ளைப் பணியாரம் ரப்பர்தான். தொட்டுக்கொள்ள வரமிளகாய்ச் சட்னி. தேங்காய்ச் சட்னியோடு கொடுக்கும் கடையைவிட வரமிளகாய்ச் சட்னி அரைக்கும் கடையில் பணியாரமும் நன்றாக இருக்கும். இது என் அனுமானம்தான், ஆனாலும் பெரும்பாலும் தப்பியதில்லை.

இனி ஊருக்குள் வருவோம். காலைப் பலகாரத்துக்குக் கொப்புடையம்மன் கோயிலை ஒட்டிய கல்லுக்கட்டிக் கடைவீதிப் பக்கம் போக வேண்டும். கடைத் திறப்புக்கு முன் சாப்பிட்டு முடிக்கிற கூட்டம் அது. ஒன்பதரைக்கு மேல் போனால் இடியாப்பம் இருக்காது. இட்லியோடு கத்தரிக்காய்க் கோசமல்லி இருக்கிறதா என்று கேளுங்கள். கத்தரிக்காயை அவித்துத் தோலுரித்து, கையால் பிசைந்து, புளியை நீர்க்கக் கரைத்து விட்டு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் தாளித்து இறக்குவது அது. மிக்ஸியில் போட்டு அடித்தால் விதை அரைபட்டுக் கசப்பு ஏறும், வழவழப்பும் வந்துவிடும். கையில் பிசைந்ததா, அரைத்ததா என்று ஒரு வாயிலேயே தெரிந்துவிடும். எல்லாக் கடையிலும் தினமும் இருக்காது. இருக்கிற நாளில் சாம்பாரைத் தள்ளி வைத்துவிட்டு இதை வாங்குங்கள்.

திங்கட்கிழமை வாரச்சந்தை. அன்றைக்குச் சுற்றுப்பட்டிக் கிராமங்களிலிருந்து காலையிலேயே ஆள் வந்து இறங்குவதால் டிபன் கடைகள் சீக்கிரமே காலியாகும். சாப்பாட்டுக்காக மட்டும் வருகிறவர்கள் திங்களைத் தவிர்த்துக்கொள்வது நல்லது.

மதியச் சாப்பாடுதான் வெளியூர்க்காரர்கள் அதிகம் தேடுவது. செக்காலை ரோடு, பெரியார் சிலைப் பக்கம், கல்லூரிச் சாலை ஆகிய இடங்களில் இருக்கும் மெஸ்கள்தான் அலுவலகத்தாரும் கடைச் சிப்பந்திகளும் உண்ணும் இடங்கள். பன்னிரண்டரைக்குப் போய்விட வேண்டும். இரண்டரைக்கு மேல் சோறு இருக்கும், வறுவல் இருக்காது. உட்கார்ந்ததும் தொடுகறிகளைத் தட்டில் வைத்துக் காட்டுவார்கள். கை வைக்குமுன் ஒவ்வொன்றின் விலையையும் கேட்டுவிடுவது நல்லது. கடைக்காரர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். குழம்பைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் ஒரே சோற்றில் ஊற்றிக்கொள்ளக் கூடாது. முதல் சோறு கறிக்குழம்புக்கு, அடுத்தது கோழிக்கு, அதன் பிறகு மீனுக்கு, பின்பு ரசம், மோர். மீன் குழம்பின் புளியை முதலில் ஊற்றிக்கொண்டால் கறிக்குழம்பின் சோம்பும் கசகசாவும் நாக்கில் நிற்காது.

கேட்டு வாங்க வேண்டியது உப்புக்கறி. உங்கள் பக்கத்தில் இதன் பெயரே வரவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். அரைக் கிலோ ஆட்டுக்கறிக்கு இருநூறு கிராம் சின்ன வெங்காயம், ஒரு முழுப் பூண்டு, விதை உதிர்த்த வரமிளகாய் பத்துப் பன்னிரண்டு, மஞ்சள், உப்பு, நல்லெண்ணெய். அவ்வளவுதான். மல்லித்தூள் கிடையாது, தேங்காய் கிடையாது, பட்டை கிராம்பு கிடையாது. கறி தன் நீரிலேயே வெந்து, நீர் வற்றி, எண்ணெயில் சுருள வேண்டும். மசாலா மறைப்பு இல்லாததால் கறி முற்றலாக இருந்தாலும் பழசாக இருந்தாலும் உடனே காட்டிக் கொடுத்துவிடும். அதனால் ஒரு கடையின் கறி எப்படி என்று பார்க்க உப்புக்கறியை விடச் சரியான சோதனை கிடையாது. சிவந்த எண்ணெய் மிதக்க, முந்திரி அரைத்து விட்டு வந்தால் அது உப்புக்கறி இல்லை, பெயரை மட்டும் வைத்துக்கொண்டது.

பாறையில் படரும் பாசி போன்ற மசாலாப் பொருளான கல்பாசி விஷயத்திலும் ஒரு வார்த்தை. நெடுஞ்சாலைகளில் 'செட்டிநாடு' என்று பலகை வைத்த கடைகளில் கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாவற்றையும் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அரைக் கிலோ கோழிக்கு இரண்டு விரலால் கிள்ளுகிற கல்பாசி போதும். அதையும் காய்ந்த எண்ணெயில் முதலில் போட்டு மணத்தை இறக்கிவிட வேண்டும். மிஞ்சினால் கசக்கும், அந்தக் கசப்பை அடக்க இன்னும் காரம், அதை அடக்க முந்திரி, நிறத்துக்குப் பொடி. கடைசியில் காரம்தான் செட்டிநாடு என்ற பெயர் நிலைத்துவிட்டது. இங்கே வீட்டுச் சமையலில் பாதிக்கு மேல் சைவம். பல வீடுகளில் வெள்ளிக்கிழமை கவிச்சி கிடையாது.

அந்தச் சைவத்தில் வெளியூரார் தவறவிடுவது மண்டி. அரிசி கழுவிய முதல் தண்ணீரை ஊற்றிவிட்டு, இரண்டாவது கழுநீரைக் கெட்டியாக எடுத்துக்கொண்டு, அதில் புளி கரைத்து, முழுப் பூண்டு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், வறுத்து ஊற வைத்த மொச்சை, வெண்டைக்காய் சேர்த்துக் காய்ச்சுவது. குழம்புக்குக் கனம் கொடுப்பது கழுநீரில் இருக்கும் மாவுதான். அதனால் தேங்காய் வேண்டாம், மறுநாளும் கெடாது. கடைகளில் மண்டி அரிதாகிப் போனதற்கு ஒரு காரணம், இப்போது வரும் சுத்தம் செய்த பை அரிசியில் கழுநீர் தண்ணியாக இருப்பது. அந்த நீரில் செய்தால் வெறும் புளித்தண்ணீர் மாதிரி இருக்கும், உடனே மாவு கரைத்து விடுவார்கள். முன்கூட்டிச் சொன்னால் செய்து தருகிற மெஸ்கள் இன்னும் இருக்கின்றன.

முன்கூட்டிச் சொல்வது என்பது இங்கே பல இடங்களுக்குப் பொருந்தும். செஞ்சையில் இருக்கும் தி பங்களா விடுதியில் வாழையிலைச் சாப்பாடு பேர் பெற்றது. முன்பதிவு இல்லாமல் வாசலில் போய் நின்று கேட்கக் கூடாது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் போன்ற ஊர்களில் வீடுகள் பெரிசு, ஆனால் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. குடியிருப்பவர்கள் குறைவு என்பதால் நடந்து போய் உட்காரக்கூடிய சாப்பாட்டுக் கடைகளும் குறைவு. அங்கே தங்கும் விடுதிகளில் முதல் நாளே சொல்லி வைத்துச் சாப்பிடலாம். இல்லையென்றால் காரைக்குடியில் சாப்பிட்டுவிட்டுப் போய் வீடுகளைப் பாருங்கள். ஆத்தங்குடிக்குத் தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்வதைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதுவே. காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுப் போய், மதியத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

மீன் சாப்பிட வருகிறவர்கள் கிழமை பார்க்க வேண்டும். நமக்கு மீன் வருவது தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் பக்கத்திலிருந்து. பாக் நீரிணையில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி ஆகிய நாள்களில் கடலுக்குப் போய் மறுநாள் கரை திரும்பும். ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு மதியங்களில் நண்டும் சுறாவும் புதுசாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், மற்றது ஐஸ் மீன்தான். சுறாப்புட்டில் இது உடனே தெரியும். புதுச் சுறா அவித்து உதிர்த்தால் பூப்போல உதிரும். பழசு கட்டி கட்டியாக நிற்கும், மூக்கைத் துளைக்கும் ஒரு நெடியும் வரும். அதை மறைக்கப் பூண்டை அள்ளிப் போட்டிருப்பார்கள். தடைக்காலத்தில் இங்கு வருகிறவர்கள் மீனை விட்டுவிட்டுக் கறிக்கோ மண்டிக்கோ போய்விடுவது மேல்.

ராத்திரிக்குப் புதிய பேருந்து நிலையச் சுற்றுவட்டாரமும் நூறடி ரோடும். புரோட்டா, சால்னா, வீச்சு, முட்டை தோசை. நன்றாகவே இருக்கும், ஆனால் மதுரையிலும் திருச்சியிலும் கிடைப்பதுதான். இதற்காக ஊர் தேடி வர வேண்டாம்.

இனிப்புக்கு வருவோம். கவுனி அரிசி, பர்மாவோடு இருந்த வணிகத் தொடர்பில் இங்கே வந்து தங்கிவிட்ட கறுப்பரிசி. ராத்திரி முழுக்க ஊற வைத்து, குழைய வெந்து அரிசி வெடித்த பிறகுதான் சீனி சேர்க்க வேண்டும். முந்திப் போட்டால் அரிசி அப்படியே விறைத்துக்கொள்ளும், அதற்கு மேல் எத்தனை நேரம் அடுப்பில் வைத்தாலும் வேகாது. கடைசியில் தேங்காய்த்துருவல், கொஞ்சம் நெய். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டவர்களுக்குக் கடையில் கிடைப்பது ஏன் கடிபடுகிறது என்ற சந்தேகம் இருக்கும். பெரும்பாலும் இந்த அவசரம்தான் காரணம். பால் பணியாரமும் அப்படிக் கவனம் கேட்பது: பச்சரிசியும் உளுந்தும் சம அளவு, தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக ஆட்டி, சுண்டைக்காய் அளவு உருண்டைகளாகச் சிவக்காமல் பொரித்து, வெந்நீரில் ஒரு நிமிடம் போட்டு எண்ணெயை இறக்கி, அதன் பிறகே ஏலக்காய் போட்ட தேங்காய்ப்பாலில் விட வேண்டும். வெந்நீரைத் தவிர்த்தால் பாலின் மேல் எண்ணெய்ப் படலம் நிற்கும். வாங்குமுன் பாத்திரத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை, கைமுறுக்கு, மணகோலம், அதிரசம் எது வேண்டுமானாலும் வாங்கலாம், பொரித்த தேதியை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். சீப்புச்சீடையில் தேங்காய்ப்பால் சேர்வதால் தேன்குழலை விடச் சீக்கிரம் சிக்கு வாடை வரும். தேன்குழலை ஒடித்து முகர்ந்தால் எண்ணெய் பழசா என்று தெரியும். நல்ல கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். வீடுகளில் சொல்லிச் செய்து வாங்குவது இன்னும் நல்லது. இரண்டு மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஒரு மாதம் முன்பே சொன்னாலும் கிடைப்பது சந்தேகம்.

தாங்கள் இந்தப் பக்கத்தை மறுபடி வெளியிட்டால் கடைப் பெயருக்குப் பக்கத்தில் நேரம், கிழமை, முன்கூட்டிச் சொல்ல வேண்டுமா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். பணியாரப் படத்துக்கான திருத்தத்தையும் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காரைக்குடி