போர்டு இருக்கு, பொண்ணுங்க உட்கார்ந்து ஆட இடம் இல்ல

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

வியாசர்பாடில இருந்து எழுதறேன். வடசென்னை கேரம் பசங்க பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா கத்தி, கஞ்சா, கேஸுன்னு ஆரம்பிச்சு இப்பேர்ப்பட்ட ஏரியால பொறந்தும் ஒரு பொண்ணு சாதிச்சுட்டான்னு முடிச்சீங்க பாருங்க, அதத்தான் என்னால ஒத்துக்க முடியல. நீங்க எழுதின அந்த காசிமா 2024ல அமெரிக்கா போய் கேரம் உலகக் கோப்பைல மூணு தங்கம் அடிச்சது ஏரியாவ மீறி இல்ல சார், ஏரியாவாலதான். அவங்க அப்பா ஆட்டோ ஓட்டிக்கிட்டே வண்ணாரப்பேட்டை பசங்களுக்கு கேரம் சொல்லிக் குடுக்கறவரு. அதுக்கு ரொம்ப முன்னாடி 2008லயே எங்க வியாசர்பாடி இளவழகி பிரான்ஸ்ல உலக சாம்பியன் ஆயிட்டாங்க, அவங்க அப்பாவும் மூணு சக்கர வண்டி ஓட்டினவருதான். தெருவுக்கு தெரு கேரம் மன்றம், ராத்திரி பத்து மணிக்கும் போர்டு மேல பல்பு எரியும், இப்படி ஒண்ணு உங்க அடையாறுல இருக்கா சொல்லுங்க.

கஷ்டம் இல்லன்னு சொல்ல வரல. அது வேற இடத்துல இருக்கு. என் பொண்ணு ஒன்பதாவது படிக்கறா, கேரம்னா உயிரு. மன்றத்துல ஆடறது எல்லாம் பெரிய ஆம்பளைங்க, பீடிப் புகை, பந்தயம் வேற, அங்க எப்படி அனுப்பறது? சின்னப் புள்ளைல வாசல்ல நின்னு வேடிக்கை பாத்தா, இப்ப அதுவும் முடியாது. வீட்ல ஆடலாம்னா போர்டு உள்ளளவே 74 சென்டிமீட்டர், சட்டத்தோட சேத்தா கிட்டத்தட்ட மூணு அடி, எங்க வீடே பத்துக்கு பத்து. அவங்க அப்பா நைட் டியூட்டிக்கு கெளம்பின பிறகு பீரோ பின்னாடி இருந்து போர்ட எடுத்து கட்டில் மேல போட்டு, பின்னாடி நிக்கற காய கட்டை விரலால தம்ப் ஷாட்ல திரும்பத் திரும்ப அடிச்சுக்கிட்டே இருப்பா, பெட்ஷீட் முழுக்க பவுடரு. ரெட் காய, அதான் அந்த செவப்புக் காய, குழில போட்டு, அதுக்கு ஃபாலோவா இன்னொரு காய போடறதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரம்மா செவுத்துல தட்டுவாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, டொக்கு டொக்குன்னா யாருக்குத்தான் தூக்கம் வரும். எங்க மாமியார் வேற, பொட்டப்புள்ளைக்கு எதுக்குடி இந்தக் கிளப்பு ஆட்டம்னு தினம் ஒரு பாட்டு.

ஜெயிச்சு வந்த காசிமாவுக்கு அரசாங்கம் ஒரு கோடி குடுத்துச்சு, மனசார சந்தோஷம், அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ குடுத்தாலும் தகும். ஆனா அவங்க வீட்லயே சொல்லிக்குடுக்க அப்பா இருந்தாரு. வண்டி ஓட்டிட்டு வந்து படுக்கற மத்த அப்பனுங்க பொண்ணுங்க எங்க போவாங்க? நான் பாத்தே எத்தனையோ புள்ளைங்க நல்லா ஆடிட்டு இருந்து, வயசுக்கு வந்ததும் ஸ்ட்ரைக்கர தம்பிகிட்ட குடுத்துட்டு உக்காந்துடுச்சுங்க.

பெருசா ஸ்டேடியம் எல்லாம் கேக்கல சார். எங்க பக்கத்து கார்ப்பரேஷன் ஸ்கூல் சாயந்தரம் பூட்டிக் கெடக்கு. அதுல ஒரு ரூம தொறந்து, நாலு போர்டு போட்டு, அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் பொண்ணுங்களுக்கு மட்டும்னு விட்டு, ஒரு லேடி கோச்சுக்கு சம்பளம் குடுத்தா போதும். மனு குடுத்தா பாக்கறோம்மான்னு வாங்கி வெச்சுக்கறாங்க, அதோட சரி. அடுத்த தடவ உங்க ரிப்போர்ட்டர் இந்தப் பக்கம் வந்தா மன்றத்த மட்டும் போட்டோ புடிக்காம அந்த பூட்டின கேட்டையும் புடிச்சுப் போடச் சொல்லுங்க, பேப்பர்ல வந்தாதான் இங்க சாவி வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, வியாசர்பாடி