படத்தில் இருப்பவருக்குப் பெயர் இல்லையா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் பல நாட்டுப் புகைப்படங்களைத் தொகுத்து வெளியிட்டிருந்தீர்கள். தேர்விலும் அச்சிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் முன்னுரையில், புகைப்படத்துக்கு மொழி தேவையில்லை, எந்த நாட்டவருக்கும் அது தானே கதை சொல்லிவிடும் என்று எழுதியிருந்தீர்கள். அதனாலோ என்னவோ, ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் பெயர், நாட்டின் பெயர், அவ்வளவுதான். இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. படம் முகத்தைக் காட்டும். கதையை யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் சொல்லாமல் விட்டால், பார்க்கிறவர் தன் மனதில் ஏற்கெனவே இருக்கிற கதையை எடுத்து அதில் ஒட்டிக்கொள்வார்.

உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர்களின் முகாமில் டொரோத்தியா லாங் என்ற அமெரிக்கப் பெண் புகைப்படக்காரர் எடுத்தது. கன்னத்தருகே கை வைத்த தாய், தோளில் முகம் புதைத்த இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. பெருமந்தம் எனப்படும் 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அமெரிக்காவின் முகமாகவே அது ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்கவில்லை. வயது 32 என்று தெரிந்துகொண்டார். கார் டயர்களை விற்றுத்தான் அவர்கள் சாப்பாடு வாங்கினார்கள் என்று பின்னாளில் எழுதினார். 1978இல்தான் அந்தப் பெண் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்று வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பழங்குடிப் பெண். வறட்சியில் நிலத்தை இழந்து அப்போதுதான் ஓடிவந்த வெள்ளைக்கார விவசாயக் குடும்பம் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டிருக்க, அவரோ பல ஆண்டுகளுக்கு முன்பே கலிஃபோர்னியாவுக்கு வந்துவிட்டவர். டயர் விற்ற கதையையும் குடும்பத்தார் மறுத்தார்கள். கார் பழுதாகி நின்றதால்தான் அந்த முகாமில் தங்க நேர்ந்ததாம். படம் செய்தித்தாளில் வந்ததும் அரசு அந்த முகாமுக்கு உணவு அனுப்பியது, உண்மைதான். அதற்குள் இந்தக் குடும்பம் வேறு இடம் போயிருந்தது. லாங்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை, அந்தப் படத்தால் பசியாறியவர்கள் உண்டு. ஆனால் அதில் இருந்தவர் தன் தரப்பைச் சொல்ல 42 ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

படத்தை வைத்துக் கதை சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் படத்தைத் தனியே விட்டதில்லை. ராஜஸ்தானில் போபாக்கள் என்ற பாடகர்கள், அங்கே தெய்வமாக வணங்கப்படும் வீரன் பாபுஜியின் கதை தீட்டிய நீளத் துணியைக் கட்டி இரவெல்லாம் பாடுவார்கள். பாட்டு எந்தக் காட்சிக்கு வந்திருக்கிறதோ அங்கே விளக்கைத் தூக்கிக் காட்ட மனைவி கூடவே நிற்பார். வங்காளத்துப் பட்டுவாக்கள் என்ற ஓவியப் பாடகர்கள் படச்சுருளைக் கட்டம் கட்டமாக அவிழ்த்து, விரலால் தொட்டுக் காட்டிப் பாடுவார்கள். 1930களில் ஜப்பானியத் தெருக்களில் கமிஷிபாய்க்காரர்கள் என்ற பட அட்டைக் கதைசொல்லிகள் சைக்கிளில் கொண்டுவந்த அட்டைகளில் படம் முன்பக்கம், வசனம் பின்பக்கம். அங்கே மௌனப் படம் ஓடிய திரையரங்குகளிலும் பென்ஷி என்ற கதைசொல்லி திரைக்குப் பக்கத்தில் இருந்தார். நடிகர்களைவிட அவருக்காகவே வந்த கூட்டம் உண்டு.

சரி, இதெல்லாம் வரைந்த படமும் திரைப்படமும்தானே என்று கேட்கலாம். புகைப்படத்துக்கே வருகிறேன். மாலி நாட்டின் பமாகோ நகரில் 1948இல் ஸ்டுடியோ தொடங்கிய செய்து கெய்த்தாவிடம் வந்தவர்கள், தாங்கள் எப்படித் தெரிய வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தவர்கள். கைக்கடிகாரம், ரேடியோ, ஸ்கூட்டர் என்று வேண்டிய பொருளை அவரே வைத்திருந்தார். கதை அங்கே படம் எடுத்துக்கொண்டவருடையது. அந்தப் படங்கள் 1991இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்குப் போனபோது, எடுத்தவர் யாரென்று தெரியவில்லை என்று போட்டார்கள். அவரோ பமாகோவில் உயிரோடு இருந்தார்! அப்புறம் தேடிப் போய்க் கண்டுபிடித்தார்கள். இன்று கெய்த்தாவின் பெயர் பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கிறது. அவ்வளவு அக்கறையாக உடுத்தி வந்து நின்றவர்களில் பெரும்பாலோர் அந்தச் சுவர்களில் இன்னும் பெயரில்லாமல்தான் தொங்குகிறார்கள்.

பெயர் இல்லாவிட்டால் ஆளை எப்படி வேண்டுமானாலும் ஆக்கிவிடலாம். அமெரிக்கப் பழங்குடிகளைப் படமெடுத்த எட்வர்ட் கர்டிஸ், பீகன் என்ற பழங்குடியினரின் கூடாரம் ஒன்றில் இரண்டு பேருக்கு நடுவே இருந்த கடிகாரத்தை அழித்துவிட்டுப் படத்தை அச்சிட்டார். பழங்காலத்திலேயே உறைந்துபோன மக்கள் என்பது அவர் சொல்ல வந்த கதை, அதில் கடிகாரத்துக்கு இடமில்லை. இதற்கு நேர் எதிரான வேலை, க்ரோ என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தைச் சேர்ந்த கலைஞர் வெண்டி ரெட் ஸ்டார் 2014இல் செய்தது. 1880இல் பேச்சுவார்த்தைக்காக வாஷிங்டன் போன க்ரோ தலைவர்களை அங்கே படமெடுத்திருந்தார்கள். அந்தப் படங்களின் மீதே சிவப்பு மையால் எழுதினார்: இவர் யார், இந்த உடையின் அடையாளங்களுக்கு என்ன பொருள் என்று. படம் அதேதான், ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் 'பழங்குடித் தலைவர்' என்ற அலங்காரப் பொம்மை போய், ஆள் வந்துவிடுகிறார்.

குறிப்பு எழுதினால் படம் செத்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் கிகுஜி கவாடா 1965இல் வெளியிட்ட புகைப்படப் புத்தகத்தில், மடித்த பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தால் ஹிரோஷிமாவில் அணுகுண்டில் சிதைந்து நிற்கும் குவிமாடக் கட்டிடத்துச் சுவரின் கறைகள் வரும். பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் கேட்கத் தோன்றாது. ஆனால் அந்தப் புத்தகம் வந்த நாள் ஆகஸ்ட் 6. குண்டு விழுந்து இருபது ஆண்டு. திறந்து பார்த்த ஜப்பானியருக்குக் கதை ஏற்கெனவே தெரியும். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவாக ஒரு கதை இருக்கும் இடத்தில் மௌனம் எடுபடும். உங்கள் பக்கங்களில் இருந்த பன்னிரண்டு நாடுகளின் கதை நமக்கு அப்படித் தெரியுமா?

எல்லாப் பெயரையும் எல்லா நேரமும் போட்டாக வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் பலரிடம் இறந்தவரின் பெயரையும் படத்தையும் துக்க காலத்தில் தவிர்க்கும் மரபு உண்டு. அதனால்தான் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் முன்கூட்டியே எச்சரிக்கை போடுகிறார்கள். பெயரை வெளியிட்டால் ஆபத்து வரக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அப்படியென்றால் 'பெயர் தவிர்க்கப்பட்டது' என்று ஒரு வரி போதும். கேட்டுவிட்டுப் போடாமலிருப்பதும் கேட்காமலே விடுவதும் ஒன்றல்ல.

எனவே என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை படத்தின் கீழே, அதில் இருப்பவர் பெயர், இடம், ஆண்டு, முடிந்தால் அவர் தன்னைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் கொடுங்கள். படக்குறிப்பை எழுதியது எடுத்தவரா, உங்கள் அலுவலகமா என்பதும் தெரியட்டும். அதற்கெல்லாம் இடம் ஏது என்பீர்கள். பன்னிரண்டு படத்துக்குப் பதில் ஆறு போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்