வாக்குத்தத்த அட்டையும் நிகுஸ்தானும்

ஆசிரியருக்கு,

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் பாளையங்கோட்டைப் பக்கத்து ஆலயங்கள் பலவற்றில் வாக்குத்தத்த அட்டை (புது வருஷத்துக்கான வாக்குறுதியாக ஒரு வேதவசனம் அச்சிட்ட அட்டை) எடுக்கிறார்கள். கண்ணை மூடி ஒன்றை உருவுவதற்கும் கிளி ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்? சமாதானத்தையும் நல்ல எதிர்காலத்தையும் வாக்களிப்பதால் பலருக்கும் பிடித்த எரேமியா 29:11க்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் கழியவேண்டும் என்கிறது. அதை எந்த அட்டையில் அச்சிடுகிறார்கள்?

பாம்பு கடித்தவர்கள் நோக்கிப் பார்த்துப் பிழைக்க மோசே உண்டாக்கிய வெண்கலச் சர்ப்பம் கர்த்தர் சொல்லிச் செய்ததுதான் (எண்ணாகமம் 21). பின்னாளில் ஜனங்கள் அதற்கே தூபங்காட்டினார்கள். யூதாவின் ராஜாவான எசேக்கியா அதை உடைத்து 'நிகுஸ்தான்' (வெறும் வெண்கலத் துண்டு) என்று பேரிட்டான் (2 இராஜாக்கள் 18:4). பர்ஸில் மடித்து வைத்த அட்டையும், ஜெபித்துக் கொடுத்த எண்ணெய்ப் புட்டியும் அந்த வழியில்தான் போகின்றன.

அட்டை வேண்டுமென்றால், பின்பக்கத்தில் முன்னும் பின்னும் ஐந்து வசனங்களையாவது அச்சிடட்டும். இல்லையேல் குருவானவர் சபைக்கெல்லாம் ஒரே வசனத்தை வாசித்து விளக்கட்டும்.

ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை