கத்தரி பிடித்த கை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு இந்த முறை சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை அறுவை முடிந்தது. மூன்று வாரம் படிக்காதே, எழுதாதே என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முப்பத்தைந்து வருடம் புரூஃப் பார்த்துத் தேய்ந்த கண். கட்டைப் பிரித்ததும் சுவர் இவ்வளவு வெள்ளையா என்று ஆச்சரியப்பட்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கத் தடை இருந்ததே தவிர, தொலைக்காட்சியில் கொஞ்சம் படம் பார்க்க அனுமதி கிடைத்தது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

மகள் வீட்டில்தான் இருந்தேன். பேத்திக்கு விடுமுறை. அவளுக்காக ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ போட்டோம். மறுநாள் இரவு எல்லோரும் தூங்கிய பிறகு எனக்கென்று ஒரு பழைய பேய்ப் படத்தைத் தேடிப் போட்டேன். ‘தி ஹான்டிங்’, 1963, கறுப்பு வெள்ளை. பெயர் போடும்போது பார்த்தால், இயக்கம்: ராபர்ட் வைஸ். முந்தின நாள் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் குழந்தைகளைப் பாடவிட்ட அதே ஆள்! எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். பேய்க்குப் பயந்து போட்டதாக நீ எழுதுவாய். எழுதிக்கொள்.

அதற்குப் பிறகு மூன்று வாரமும் இந்த மனிதரோடுதான் கழிந்தது. நீ அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் பக்தன். உனக்கு இந்தப் பெயர் வில்லன் பெயராகவே பழகியிருக்கும். வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசன்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை வெட்டிச் சிதைத்த எடிட்டர் என்று நீயே ஒருமுறை மொட்டைமாடியில் நின்று அவரைத் திட்டியது நினைவிருக்கிறது. எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

வைஸ் 1914-இல் இந்தியானா மாநிலத்தில் வின்செஸ்டர் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பாவுக்கு இறைச்சித் தொழில். மகனுக்கோ பத்திரிகைக்காரன் ஆகவேண்டும் என்று ஆசை. நம் ஜாதி! பொருளாதார மந்தம் வந்து கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. அண்ணன் ஹாலிவுட்டில் ஆர்கேஓ ஸ்டுடியோவின் கணக்குப் பிரிவில் இருந்தார். 1933-இல் தம்பிக்கு அங்கேயே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தார். படச் சுருள்களைச் சுமந்துகொண்டு அறைக்கு அறை ஓடுகிற எடுபிடி வேலை. அங்கிருந்து ஒலித்தொகுப்பு, பிறகு படத்தொகுப்பில் உதவியாளர், பிறகு எடிட்டர். 1941-இல், அவர் தொகுத்த வெல்ஸின் ‘சிட்டிசன் கேன்’ வெளிவந்தபோது வயது இருபத்தாறு. வெல்ஸுக்கு அவரைவிட ஒரு வயது குறைவு.

அந்தப் படத்தில் பத்திரிகை முதலாளி கேனின் சாவுச் செய்தியைச் சொல்லும் செய்திச்சுருள் வருமே, அதற்குப் பழைய படம்போல் கீறல் விழவேண்டும். வைஸும் கூட இருந்தவர்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? மெல்லிய துணியில் மணலைக் கொட்டி, அதற்குள் ஃபிலிமை இழுத்து இழுத்துத் தேய்த்தார்கள். பார்த்த சிலர் பிரிண்ட் கெட்டுவிட்டது என்று புகார் செய்தார்களாம்.

காலை உணவுக் காட்சியை மறுபடி பார். நான் நாலுமுறை பார்த்தேன். ஒரு திருமணம் கெட்டுப்போவது முழுவதும் சாப்பாட்டு மேஜையிலேயே நடந்து முடிகிறது. முதலில் புதுமணத் தம்பதி, நெருங்கி உட்கார்ந்து கொஞ்சுகிறார்கள். கேமரா சட்டென்று பக்கவாட்டில் வழுக்குகிறது, சில வருடம் போய்விட்டது, அவள் குரலில் ஒரு சின்ன முள். மறுபடி வழுக்கல். மேஜை நீண்டுகொண்டே போகிறது, பேச்சு சுருங்கிக்கொண்டே வருகிறது. கடைசியில் இருவரும் ஒரு வார்த்தை பேசாமல் பத்திரிகை படிக்கிறார்கள். அவன் கையில் அவனுடைய பத்திரிகை; அவள் கையில் போட்டிப் பத்திரிகை! மொத்தமும் இரண்டரை நிமிடத்துக்குள். யோசனை வெல்ஸுடையது, எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த வழுக்கல் எந்த நொடியில் நிற்கவேண்டும் என்று பல நாள் மூவியோலா என்ற படத்தொகுப்புக் கருவியின் முன் உட்கார்ந்து பார்த்தவன் வேறொருவன். அவன் பெயரை நாம் மொட்டைமாடியில் சொன்னதே இல்லை.

இனி ‘ஆம்பர்சன்ஸ்’ வழக்குக்கு வருகிறேன். 1942 தொடக்கத்தில் வெல்ஸ், தென்னமெரிக்க நல்லுறவுக்காக ஒரு படம் எடுக்க பிரேசில் போய்விட்டார். வைஸ் சுருள்களோடு ரியோவுக்கே போய் அவருடன் உட்கார்ந்து தொகுப்பதாக ஏற்பாடு. போர்க்காலப் பயணத் தடையில் அது நின்றுபோனது. மார்ச் மாதம் கலிஃபோர்னியாவில் பொமோனா என்ற ஊரில் பொதுமக்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். அதுவும் எப்படி? ஆட்டபாட்டமான ஒரு படம் முடிந்த கையோடு, அதே கூட்டத்துக்கு! ஒரு குடும்பம் மெல்ல நொடித்துப்போகும் கதையைப் பார்த்து அவர்கள் சிரித்தார்கள், பாதியில் எழுந்து போனார்கள். கருத்து அட்டைகளில் சிலர் வானளாவப் புகழ்ந்திருந்தார்கள், பெரும்பாலும் வசைதான். ஸ்டுடியோ கலங்கிவிட்டது. ரியோவிலிருந்து வெல்ஸ் பக்கம் பக்கமாகத் தந்தி அடித்துக்கொண்டிருந்தார், இங்கே கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. 131 நிமிடப் படம் 88 நிமிடமானது. முடிவை மாற்றி எடுத்து ஒட்டினார்கள். இடையே ஒரு காட்சியை வைஸே எடுத்தார். வெட்டி எறிந்த நெகடிவைப் பிற்பாடு ஸ்டுடியோ அழித்துவிட்டது. இனி யார் வந்தாலும் ஒட்டிவைக்க முடியாது.

கடைசிவரை வைஸ் சொன்ன பதில் ஒன்றேதான். படம் அப்படியே இருந்திருந்தால் யாரும் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்கள், ஜனங்கள் பார்க்கிறமாதிரி ஆக்குவது எங்கள் வேலை, எங்களால் இயன்றதைச் செய்தோம் என்பார். இதைப் படித்தபோது எனக்கு எங்கோ கேட்ட குரலாகப் பட்டது. யோசித்துப் பார்த்தால் என் குரல்தான்.

1983 தீபாவளி மலரை நீ மறந்திருக்க மாட்டாய். உன் கதை பதினொரு பக்கம் வந்தது. கடைசி நேரத்தில் ஒரு துணிக்கடை விளம்பரம் வந்து இரண்டு பக்கத்தை விழுங்கியது. ஆசிரியர் என்னைப் பார்த்தார். நீயோ ஊரில் இல்லை. உன் அக்காள் கல்யாணத்துக்குப் போயிருந்தாய். பாட்டி கிணற்றடியில் உட்கார்ந்து தன் சின்ன வயதுக் கதையைச் சொல்லும் பகுதியை நான் எடுத்துவிட்டேன். நீ வந்து கேட்டபோது, “நான் வெட்டவில்லையடா, பக்கம் வெட்டியது” என்றேன். இரண்டு வருடம் நீ என்னோடு பேசவில்லை.

வைஸ் சொன்னதில் பொய் இல்லை. உத்தரவு போட்டது ஸ்டுடியோ, அவர் மறுத்திருந்தால் வேறொருவர் மேஜைக்குப் போயிருக்கும், அவரைவிட மோசமாக வெட்டியிருப்பார்கள். இதையெல்லாம் நானும் எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் கத்தரி பிடித்தது அந்தக் கைதானே! அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் அறுபது வருடம் கேட்டவருக்கெல்லாம் பொறுமையாக அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருப்பாரா?

‘ஆம்பர்சன்ஸ்’ படத்துக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன், தன் இசையையும் வெட்டியதில் கொதித்துப்போய், பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். எடுத்தார்கள். ஒன்பது வருடம் கழித்து வைஸ் இயக்கிய ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்துக்கு இசை யார் என்கிறாய்? அதே ஹெர்மன்தான். கையால் தொடாமலே வாசிக்கிற தெரமின் என்ற கருவியை வைத்து வேற்றுக்கிரகத்துக்கு ஒரு நடுக்கமான குரலையே உண்டாக்கினார். ஆக, அவர்கள் பேசிக்கொள்ள ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. நமக்கு இரண்டு வருடம் பரவாயில்லை.

வைஸ் இயக்குநரானதுகூட இன்னொருவர் நாற்காலியில் உட்கார்ந்துதான். ‘தி கர்ஸ் ஆஃப் தி கேட் பீப்பிள்’ என்ற படம் நாள்கணக்கில் பின்தங்க, அதன் இயக்குநரை நீக்கிவிட்டு எடிட்டரான இவரை உட்கார வைத்தார்கள். அது வெளிவந்தது 1944-இல். அதற்கப்புறம் இவர் எடுத்த வகைகளைச் சொன்னால் உனக்குத் தலை சுற்றும்: பேய்க் கதை, கொலைக் கதை, கௌபாய், குத்துச்சண்டை, நீர்மூழ்கிக் கப்பல், பழங்கால டிராய், இசை நாடகம், கிருமி, ஆகாயக் கப்பல், விண்வெளி. பலவற்றில் சுமார் ரகம் இருக்கிறது. பிந்தைய காலத்தின் ‘ஸ்டார்!’ பெருந்தோல்வி. 1979-இன் ‘ஸ்டார் ட்ரெக்’ வெளியீட்டுத் தேதி முன்கூட்டியே நிச்சயமாகிவிட, அதை முடித்தும் முடிக்காமலும் திரைக்கு அனுப்பினார். அந்தக் குறையைப் போக்க 2001-இல், எண்பத்தாறு வயதில், மறுபடி உட்கார்ந்து தொகுத்துத் திருத்தினார். எடிட்டர் புத்தி போகுமா?

நீ பார்க்கவேண்டியது ‘தி செட்-அப்’, 1949. வயதான குத்துச்சண்டைக்காரன் ஒருவன்; நடித்தவர் ராபர்ட் ரயன். அவனுக்கே தெரியாமல் அவன் மேலாளர் அவன் தோற்பதற்குப் பணம் வாங்கிவிட்டான். படம் 72 நிமிடம். கதை நடப்பதும் கிட்டத்தட்ட அவ்வளவே நேரம். தெருவில் ஒரு கடிகாரத்தைக் காட்டித் தொடங்கி, அதே கடிகாரத்தைக் காட்டி முடிக்கிறார். சண்டையைவிட, உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவராகப் போய் அடிபட்டு வருவதைப் பார்த்துக்கொண்டு அவன் காத்திருப்பதுதான் என்னை அசைத்தது. என் அறுவைக்கு முன் மருத்துவமனை வராந்தாவில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

‘ஐ வான்ட் டு லிவ்!’ படத்தைச் சாப்பிட்டுவிட்டுப் பார்க்காதே. சான் குவென்டின் சிறையில் 1955-இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட பார்பரா கிரகாம் என்ற பெண்ணின் கதை. அதை எடுப்பதற்காக வைஸ் அனுமதி கேட்டு, உண்மையாகவே ஒரு மனிதனை நச்சுவாயு அறையில் கொல்வதை நேரில் நின்று பார்த்தார். கடைசிக் காட்சிகளில் யாரும் கத்துவதில்லை. காவலர் அமிலத்தை அளந்து ஊற்றுகிறார், சயனைடு உருண்டைகளைத் துணியில் முடிகிறார், கதவின் பிடியைச் சரிபார்க்கிறார். பாத்திரம் கழுவுவதுபோல் ஒரு வேலை. இடையிடையே தொலைபேசி. பார்பராவாக நடித்த சூசன் ஹேவர்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது அதில்தான்.

என்னை விளக்குப் போட வைத்த ‘தி ஹான்டிங்’கில் பேயைக் காட்டவே மாட்டார். இரண்டு பெண்கள் அறைக்குள், கதவுக்கு வெளியே ஏதோ இடிக்கிறது, அந்தக் கனத்த மரக்கதவு மூச்சு விடுவதுபோல் உள்நோக்கி மெல்லப் புடைக்கிறது. அவ்வளவுதான். வீடே கோணலாகத் தெரியவேண்டும் என்று, இன்னும் செம்மைப்படாத ஒரு அகலக்கோண லென்ஸைக் கேட்டு வாங்கினார். குறையுள்ளது என்று தெரிந்தே வாங்குகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே கம்பெனி கொடுத்ததாம்.

‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ அவரிடம் வந்ததும் தற்செயல். வில்லியம் வைலர் எடுப்பதாக இருந்து விலகிக்கொண்டார். வைஸ் எடுக்க நினைத்த சீனக் கதையான ‘தி சாண்ட் பெபிள்ஸ்’ தள்ளிப்போக, இடையில் இதை ஏற்றார். 1965-இன் சிறந்த படம், சிறந்த இயக்குநர் உட்பட ஐந்து ஆஸ்கர். அதற்கு முன் 1961-இல் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’க்குப் பத்து, அதில் இயக்குநர் பரிசை நடன இயக்குநர் ஜெரோம் ராபின்ஸோடு பங்கிட்டார். செலவும் நாளும் எகிறியதால் ராபின்ஸைப் படம் நடக்கும்போதே நீக்கியிருந்தார்கள். மறுபடியும் வெட்டு, மறுபடியும் பக்கத்தில் இவர்! இரண்டு படமும் வானத்திலிருந்து தொடங்குவதைக் கவனித்தேன். ஒன்றில் மன்ஹாட்டன் கட்டிடங்கள், மற்றதில் பனிமலை, வெறும் காற்றின் ஓசை. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இறங்கி ஒரு மனித உருவத்திடம் வருகிறார். புல்வெளியில் அந்தப் பெண் கைகளை விரித்துச் சுழல்கிறாளே, ஒவ்வொரு முறையும் ஹெலிகாப்டர் திரும்பும் காற்று ஜூலி ஆண்ட்ரூஸைத் தரையில் தள்ளிவிட்டதாம். பேத்தியிடம் சொன்னேன். இப்போது அந்த இடம் வந்தாலே விழுந்து விழுந்து சிரிக்கிறாள்.

இவருக்கென்று ஒரு முத்திரை இல்லை என்பது விமர்சகர்களின் குறை. ஆண்ட்ரூ சாரிஸ் 1968-இல் இயக்குநர்களைத் தரம்பிரித்தபோது, வலிந்து சீரியஸாக இருப்பவர்கள் என்ற கூடையில் இவரைப் போட்டார். அவர் சொன்னதில் பாதி நியாயம் உண்டு. வெல்ஸின் ஒரு ஷாட்டைப் பார்த்தால் வெல்ஸ் என்று சொல்லிவிடலாம், வைஸை அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பிரசுரமான கதையில் உதவி ஆசிரியனின் முத்திரை தெரிந்தால் அவன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதானே நாம் சொல்லிக்கொண்டிருந்தோம்? 2005 செப்டம்பரில், தொண்ணூற்றோராம் பிறந்தநாள் முடிந்து நாலாம் நாள் இறந்தார்.

வீடு திரும்பியதும் பரணிலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னேன். தேடியது கிடைத்தது. இத்துடன் வைத்திருக்கிறேன்: உன் கையெழுத்தில் இரண்டரைப் பக்கம், பாட்டியும் கிணற்றடியும். ஓரத்தை ராமபாணம் அரித்திருக்கிறது; எழுத்துக்குச் சேதமில்லை. புதுக் கண்ணால் இரண்டுமுறை படித்தேன். நீளம்தான், இப்போதும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்த வாளிக் கயிறு பற்றிய பத்தியை எடுத்திருக்கக் கூடாது.

தங்கைக்கு என் விசாரிப்பு. முழங்கால் வலிக்கு அவள் போடும் பற்று குணம் கொடுக்கிறதா? பொங்கலுக்கு முன் ஒரு நடை வந்துபோ. ‘தி செட்-அப்’ வைத்திருக்கிறேன், சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ராமு