எஃப்5 வேலை செய்கிறது, பிள்ளை

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

விம் என்ற எழுத்துத் திருத்திக்கு நீ எழுதி அனுப்பிய சின்னப் ப்ளகின், அதாவது துணை நிரல், இப்போது ஓடுகிறது. எஃப்5 அமத்தினால் அன்றைய திகதி வந்து விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்தே என் கணினிக்குள் வந்து பார்ப்பதாகச் சொன்னாய், இனி வேண்டாம். ஆனால் நடந்ததைக் கேள், இதில் உன் பிழையும் கொஞ்சம் இருக்கிறது.

டொட் விம் கோப்புறைக்குள் ப்ளகின் என்ற உட்கோப்புறையில் போடுங்கள் என்றாய். போட்டேன். மூன்று இரவு எஃப்5-ஐ அமத்தி அமத்திப் பார்த்தேன். அம்மா எட்டிப் பார்த்து, "அந்தப் பெட்டியை மூடிப்போட்டுப் படுங்கோ" என்றார். கடைசியில் முக்காற்புள்ளி போட்டு, செட் ரன்டைம்பாத் என்று அடித்து, முடிவில் ஒரு கேள்விக்குறி வைத்தேன். விம் தேடும் இடங்கள் ஐந்தும் கொமா போட்டு வரிசையாக வந்தன. முதலாவது, என் வீட்டுக் கோப்புறையில் விம்ஃபைல்ஸ். டொட் விம் பட்டியலிலேயே இல்லை! அது உன் லினக்ஸுக்குச் சரி, என்னுடையது விண்டோஸ் அல்லவா. களஞ்சியத்தில் முப்பது வருஷம் இருந்தவனுக்கு உடனே விளங்கிவிட்டது. சாமான் இருக்கிறது, பதிவேட்டில் எழுதிய இறாக்கையில் இல்லை.

அப்போதே கோப்பை இடம் மாற்றியிருக்கலாம். நான் கெட்டித்தனம் காட்டப் போனேன். விம் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் செட் ரன்டைம்பாத், சமன் குறி, டொட் விம் என்று ஒரு வரி எழுதினேன். விம்மை மூடித் திறந்தால் திகதி வருகிறது. ஒரு நிமிஷம் பெருமைதான். அப்புறம் பார்த்தால் விம்ஆர்சியில் இருந்த நிறங்களைக் காணவில்லை. அடைப்புக்குறியில் போய் நின்றால் அதன் சோடி ஒளிருமே, அதுவும் இல்லை. சமன் குறி பழைய ஐந்து இடத்தையும் துடைத்துவிட்டு என் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது. சமனுக்கு முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டேன், எல்லாம் திரும்பி வந்தது. பிறகு அந்த வரியையே அழித்துவிட்டு, கோப்பை விம்ஃபைல்ஸுக்குள் ப்ளகின் என்ற கோப்புறையில் வைத்தேன். இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் படித்தேன். ப்ளகின் கோப்புகளை விம் அந்த ஐந்து இடத்திலும் தேடி, கண்டதையெல்லாம் ஏற்றுமாம். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் அள்ளித் தலையில் ஊற்றுவோமே, அதைப் போல. நிறத் திட்டம் அப்படியில்லை, ஒரே பெயரில் இரண்டு இருந்தால் முதலில் அகப்பட்டதோடு நின்றுவிடும். நீ மாற்றி எழுதிய நிறம் வரவில்லை என்று போன மாதம் புறுபுறுத்தாய். ரன்டைம்பாத்தின் வரிசையைப் பார், பழையது முன்னால் நிற்கிறதோ தெரியாது. எது எது ஏறியது என்று பார்க்க ஸ்கிரிப்ட்நேம்ஸ் என்று அடி.

2016-இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்து பேக் என்று ஒரு கோப்புறை இருக்கிறது. அதற்குள் ஒரு பெயர், அதற்குள் ஸ்டார்ட், அதற்குள் ப்ளகினை முழுதாக வைத்தால் ரன்டைம்பாத்தை நாம் தொடவே தேவையில்லை. அடுத்ததை அதற்கேற்றபடி அனுப்பு. விண்டோஸில் எங்கே வைப்பது என்றும் ஒரு வரி எழுது.

விம்மைத் திறக்கும்போது சில நேரம் உகண்டாவின் வறிய பிள்ளைகளுக்கு உதவச் சொல்லி வருகிறதே, அந்த விம்மை எழுதிய பிராம் மூலினார் 2023-இல் காலமாகிவிட்டார் என்று இப்போதுதான் அறிந்தேன்.

அம்மா பாரைக் கருவாடு கட்டி வைத்திருக்கிறார். அங்கே வருகிற ஆள் யாரும் இருந்தால் சொல்லு.

அன்புடன்,
அப்பா