அடியில் ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் சென்னையில் மக்கள் தொடர்பியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. எங்கள் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து தங்கள் நாளிதழை வாங்கி வருகிறோம். ஒரு நிறுவனம் எழுதி அனுப்பும் செய்திக்குறிப்பு செய்தியாக அச்சாகும்போது, அது அந்த நிறுவனத்தின் செய்திக்குறிப்புதான் என்று தெரிவிக்கும் ஒரு வரி அதனடியில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். சிறிய கோரிக்கைதான் என்றாலும், அதை எழுதும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்த நிகழ்ச்சியைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் நகரிலுள்ள சிறிய மக்கள் தொடர்பு நிறுவனம் ஒன்றில் இரண்டு மாதம் பயிற்சிக்குச் சென்றேன். போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் ஒன்று அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர். அந்த மையத்தில் பயின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் குரூப் 4 தேர்வில் வெற்றி பெற்றார்கள் என்று ஒரு பக்க அளவில் பிரஸ் நோட் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது. வாட்ஸ்அப்பில் வந்த நான்கு வரித் தகவலை வைத்துக்கொண்டு, செய்தி நடையில், தலைப்பும் துணைத் தலைப்புமாக, மையத்தின் இயக்குநர் கூறியதாக இரண்டு வாசகங்களும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அந்த இரண்டு வாசகங்களையும் இயக்குநர் சொல்லவில்லை, நான்தான் எழுதினேன். அவர் படித்துப் பார்த்துச் சம்மதம் தெரிவித்தார். எங்கள் தொழிலில் இது வழக்கம்தான். ஆனால் அவசரத்தில் நானும் ஒரு பிழை செய்தேன். மையம் தொடங்கி 15 ஆண்டுகள் ஆகின்றன என்று எழுத வேண்டிய இடத்தில் 25 ஆண்டுகள் என்று தட்டச்சு செய்துவிட்டேன். யார் கண்ணிலும் அது படவில்லை.

இரண்டு நாட்களில் மூன்று நாளிதழ்களில் அந்தக் குறிப்பு வந்தது. எவை என்று சொல்வது என் நோக்கமன்று. ஒன்றில் கடைசிப் பத்தியை மட்டும் வெட்டியிருந்தார்கள். மற்ற இரண்டிலும் நான் எழுதியது எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தது. மூன்றிலும் 25 ஆண்டுகள். மூன்றிலும் ‘நமது நிருபர்’ என்றோ ஊர்ப்பெயர் மட்டும் போட்டோ செய்தி தொடங்கியது. அலுவலகத்தில் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. நல்ல கவரேஜ் என்றார்கள்.

அதன்பின் அந்த நறுக்குகளை வெள்ளைத்தாளில் ஒட்டி, ஒவ்வொன்றின் அகலத்தையும் உயரத்தையும் ஸ்கேலால் அளந்து, சதுர சென்டிமீட்டர் கணக்கிட்டு, அந்த நாளிதழின் விளம்பரக் கட்டணத்தால் பெருக்கி, இத்தனை ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள இடம் கிடைத்திருக்கிறது என்று வாடிக்கையாளருக்கு அறிக்கை தயாரிக்கச் சொன்னார்கள். அப்படி வரும் தொகையை மூன்றால் பெருக்கிக் காட்டுவதும் எங்கள் துறையில் உண்டு. விளம்பரத்தைவிடச் செய்தியை மக்கள் அதிகம் நம்புவார்கள் என்பதே அந்தப் பெருக்கலுக்குச் சொல்லப்படும் காரணம். 2010-இல் பார்சிலோனாவில் கூடிய மக்கள் தொடர்பு அளவீட்டு வல்லுநர்கள், விளம்பரக் கட்டணத்தை வைத்து இப்படி மதிப்புப் போடுவது தவறு என்று கொள்கையாகவே அறிவித்தார்கள். வகுப்பில் அதைப் படித்துவிட்டுத்தான் பயிற்சிக்குப் போயிருந்தேன். ஆனாலும் ஸ்கேலும் பசையும் மேசை மேல் இருந்தன, நானும் அளந்தேன். எதை அளக்கிறேன் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. வாசகர் தங்கள் நாளிதழ் மீது வைத்திருக்கும் நம்பிக்கைக்குத்தான் அந்த மூன்று மடங்கு.

அது விளங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரம்பூரிலிருந்து பெரியம்மா ஒரு படம் அனுப்பியிருந்தார். நாளிதழ்ச் செய்தி ஒன்றை யாரோ செல்போனில் படமெடுத்து, அது பல கைகள் மாறி, ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற இரட்டை அம்புக்குறியோடு வந்து சேர்ந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என் செய்திக்குறிப்பு. 25 ஆண்டுகள் என்ற என் பிழையும் அதில் இருந்தது. நாளிதழின் பெயரோ தேதியோ படத்தில் இல்லை. அச்செழுத்தும் பத்தியமைப்பும் மட்டும் இருந்தன. கீழே பெரியம்மா, ‘பேப்பர்லயே போட்டிருக்காங்க, நம்ம பாப்பாவ இங்க சேத்துடலாமா?’ என்று கேட்டிருந்தார். பெரியம்மா மகள், என் தங்கை, குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் கட்டணம் 18,000 ரூபாய். பெரியப்பா தையற்கடை வைத்திருப்பவர்.

இதற்குள் அலுவலகத்தில் எனக்கு இன்னொன்றும் தெரியவந்திருந்தது. அடுத்த குறிப்புக்காக வெற்றி பெற்றோர் பட்டியலைக் கேட்டு வாங்கியபோது, அவர்களில் பெரும்பாலோர் அந்த மையத்தில் வகுப்புக்கே வந்தவர்கள் அல்லர் என்பதைப் பார்த்தேன். கடைசி ஆறு வாரம் டெஸ்ட் பேட்ச்சில் சேர்ந்து, மாதிரித் தேர்வுகளை மட்டும் எழுதியவர்கள். அவர்களும் அங்கே ‘பயின்றவர்கள்’ என்று ஒரு வகையில் சொல்லலாம்தான். ஆனால் முழு ஆண்டு வகுப்புக்குப் பணம் கட்டலாமா என்று யோசிக்கும் குடும்பத்திடம் அந்தச் சொல்லைச் சொல்வது ஏமாற்றுவதுதான். நான் என் மேலாளரிடம் இதைச் சொன்னேன். கிளையன்ட் கொடுத்த எண்ணைத்தானே எழுதினோம் என்றார். அன்றிரவு பெரியம்மாவுக்குத் தொலைபேசியில் விவரத்தைச் சொன்னேன். அதை எழுதியது நான்தான் என்றும் சொன்னேன். ‘நீ எழுதினா அது எப்படி பேப்பர்ல வரும்?’ என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை நான் சரியான பதிலைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பயிற்சி மையங்களின் விளம்பரங்களைப் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வெற்றி பெற்றவரை விளம்பரத்தில் காட்டினால், அவர் எந்த வகுப்பில் சேர்ந்தார், எவ்வளவு காலம் படித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். தேர்வு முடிவு வந்தபின் அவரிடம் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் பெறாமல் அவர் பெயரையோ படத்தையோ பயன்படுத்தக் கூடாது. நேர்முகத் தேர்வு வழிகாட்டலுக்கு மட்டும் வந்தவர்களையெல்லாம் தங்கள் மாணவர்களாகக் காட்டிய மையங்களுக்கு அந்த ஆணையம் அபராதமும் விதித்திருக்கிறது. நான் எழுதியது விளம்பரமாக வெளிவந்திருந்தால், இந்த விவரங்களையெல்லாம் எழுதும்படி யாரேனும் கேட்டிருப்பார்கள். செய்தியாக வந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதில் யாரும் நாளிதழுக்குப் பணம் கொடுக்கவில்லை. தேர்தல் காலத்தில் பணம் பெற்றுக்கொண்டு செய்தி வெளியிடுவது குறித்து 2010-இல் பத்திரிகைகளின் நெறிகளைக் கண்காணிக்கும் பிரஸ் கவுன்சில் விரிவாக ஆராய்ந்ததே, அந்த வகைக் குற்றமும் இதுவன்று. மாலை ஐந்து மணிக்கு மேல் குவியும் மின்னஞ்சல்களில் நன்றாக எழுதப்பட்ட ஒன்றை உதவி ஆசிரியர் ஒருவர் எடுத்து இடத்தை நிரப்புகிறார், அவ்வளவுதான். அவருடைய வேலைப்பளுவை நான் அறிவேன். எந்த நேரத்தில் அனுப்பினால் திருத்தாமல் போடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லித் தருகிறார்கள் என்பதையும் தாங்கள் அறிய வேண்டும்.

செய்திக்குறிப்பே கூடாது என்பது என் வாதமன்று. குடிநீர் வாரியம் எந்தப் பகுதியில் குழாய் இணைப்புப் பணி, எத்தனை நாள் லாரித் தண்ணீர் என்று அறிவிப்பதும், மின்வாரியம் மறுநாள் மின்தடைப் பகுதிகளை வெளியிடுவதும் செய்திக்குறிப்புகள்தான். சைதாப்பேட்டையில் எங்கள் தெருவில் அந்த மின்தடைப் பட்டியலைப் பார்த்துத்தான் காலையில் மோட்டார் போடுவார்கள். அந்தச் செய்திகளைக் கூர்ந்து பாருங்கள்: ‘இது தொடர்பாக வாரியம் வெளியிட்ட செய்திக்குறிப்பில் கூறப்பட்டிருப்பதாவது’ என்ற வரி தவறாமல் இருக்கும். அரசுத் துறை சொன்னால் அது அரசுத் துறை சொன்னது என்று வாசகருக்குத் தெரிவிக்கும் நாளிதழ், தனியார் மருத்துவமனையோ நகைக்கடையோ பயிற்சி மையமோ சொன்னால் மட்டும் அந்த வரியை ஏன் விட்டுவிட வேண்டும்? புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. ஓரிடத்தில் இருக்கும் வழக்கத்தை மற்ற இடத்துக்கும் கொண்டுவரக் கேட்கிறேன்.

என் வயதினர் சமூக ஊடகத்தில்தான் எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறோம், நாளிதழ் பெரியவர்களுக்கானது என்று பலர் நினைக்கிறார்கள். நான் பார்க்கும் நடைமுறை வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது அடையாற்றங்கரையில் உள்ள எங்கள் பகுதியில் இடுப்பளவு தண்ணீர். நான் அப்போது பள்ளிச் சிறுமி. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்றும், 250 சென்டிமீட்டர் மழை பெய்யும் என்று நாசா சொல்லிவிட்டது என்றும் வாட்ஸ்அப்பில் பரவியது. இரண்டுமே பொய். அந்த நாட்களில் அச்சகத்துக்கு ஊழியர்கள் போக முடியாமல், 1878-இல் தொடங்கப்பட்ட ‘தி இந்து’ ஆங்கில நாளிதழே ஒரு நாள் சென்னையில் அச்சாகவில்லை. மாடியில் ஒதுங்கியிருந்த எங்களுக்குப் பேப்பர் வந்து சேர்ந்த நாளில், தாத்தா முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு, முதலை வரவில்லை என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் அம்மா என்னைக் கீழே இறங்க விட்டார்.

இன்றும் குடும்பக் குழுவில் ஒரு பார்வர்டு வந்தால், ‘பேப்பர்ல வந்துச்சா?’ என்று கேட்கும் ஒருவராவது இருக்கிறார். 2018-இல் குழந்தை கடத்தல் வதந்தி பரவியபோது, கோயிலுக்குப் போன இடத்தில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவர் போளூர் அருகே அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஊரில் அன்று யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டு நிதானித்திருக்கக் கூடாதா என்று அதை வகுப்பில் விவாதித்த நாளில் நினைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு இருக்கும் மதிப்பை என்னைப் போன்றவர்கள் எழுதும் குறிப்புகள் சிறிது சிறிதாகக் கரைக்கின்றன. நாளிதழ் நறுக்கே பார்வர்டாக வரும்போது, சரிபார்க்க வேறு எங்கே போவது?

ரீல்ஸ் போடும் இளைஞர்களிடம் நெறிமுறைகள் இதைவிடக் கூடுதலாகவே எதிர்பார்க்கின்றன. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, பணமோ பரிசோ இலவசச் சாப்பாடோ பெற்று ஒரு பொருளைப் பாராட்டினால், அது விளம்பரம் என்று பார்ப்பவர் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும். கவுன்சிலின் நெறிமுறைப்படி 15 விநாடிக்கு உட்பட்ட காணொளியில் குறைந்தது 3 விநாடி அந்த அறிவிப்பு தெரிய வேண்டும். நடைமுறையில் பலர் அதை இருபது ஹேஷ்டேக்குகளுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் ஒளித்துவைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் என் வகுப்புத் தோழி ஒருத்தி திருவல்லிக்கேணி, சௌகார்பேட்டை உணவுக் கடைகளைப் பற்றி ரீல்ஸ் போடுகிறாள். கடைக்காரர் பணம் கொடுத்திருந்தால் ‘கட்டண விளம்பரம்’ என்று தமிழிலேயே, தொடக்கத்திலேயே, பெரிய எழுத்தில் போட்டுவிடுவாள். பார்ப்பவர்கள் குறையவில்லை. கடைக்காரர்கள்தான் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி தன் செல்போனில் செய்வதை ஒரு நாளிதழ் செய்ய முடியாதா?

எங்கள் துறையின் மூலவர்களில் ஒருவராகக் கருதப்படும் அமெரிக்கரான ஐவி லீ, 1906-இல் நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது சுரங்க முதலாளிகளுக்காகப் பணியாற்றியவர். முதலாளிகள் பக்கம் இருந்தவர் என்று அவரைக் குறை சொல்ல நிறைய இடமுண்டு. இருந்தும் அன்று அவர் பத்திரிகைகளுக்கு அனுப்பிய கொள்கை அறிவிப்பில், எங்கள் வேலை முழுவதும் வெளிப்படையாகவே நடக்கிறது என்றும், நாங்கள் அனுப்புவது விளம்பரப் பிரிவுக்குப் போக வேண்டியது என்று உங்களுக்குத் தோன்றினால் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்றும் பொருள்பட எழுதினார். முதல் பருவத்தில் இதை மனப்பாடமாகப் படித்துத் தேர்வும் எழுதினோம். பயிற்சிக்குப் போன இடத்தில் அந்த வாசகம் நினைவுக்கு வர எனக்கு ஆறு வாரம் ஆயிற்று என்பதில் வெட்கப்படுகிறேன்.

ஆகவே தங்களிடம் கேட்பது இதுதான். தனியார் செய்திக்குறிப்பை வைத்து எழுதிய செய்தியின் அடியில், இன்ன நிறுவனத்தின் செய்திக்குறிப்பு என்று ஒரு வரி போடுங்கள். அதில் வெற்றி பெற்றோர், குணமடைந்தோர், பயனடைந்தோர் என்று ஏதேனும் எண் இருந்தால், அச்சுக்குப் போகுமுன் ஒருவர் தொலைபேசியில் அழைத்து அது எப்படி வந்த எண் என்று கேட்கட்டும். எனக்கு யாராவது அப்படி அழைத்திருந்தால், 25 ஆண்டுகள் என்ற பிழையையாவது அன்றே திருத்தியிருப்பேன். டெஸ்ட் பேட்ச் விவரத்தைத் தேடவும் ஒரு காரணம் கிடைத்திருக்கும். கட்டணம் பெற்று வெளியிடும் சிறப்புப் பக்கங்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கிலச் சொல்லுக்குப் பதிலாக ‘விளம்பரம்’ என்று தமிழில், கண்ணாடி இல்லாமலும் படிக்கும் அளவில் போடுங்கள். விளம்பரம் செய்தியிலிருந்து தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது பிரஸ் கவுன்சிலின் நெறிமுறையிலேயே உள்ளது.

நான் எழுதிய செய்திக்குறிப்பின் நகலையும், அது மூன்று நாளிதழ்களில் வந்த நறுக்குகளையும், பெரியம்மா அனுப்பிய படத்தின் அச்சுப் பிரதியையும் நிறுவனத்தின் பெயரையும் நாளிதழ்களின் பெயரையும் மறைத்து இத்துடன் இணைத்துள்ளேன். 25 என்ற எண்ணை ஐந்திலும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
மக்கள் தொடர்பியல் மாணவி,
சைதாப்பேட்டை, சென்னை.